பதின்வயதுப் பெண்களும் அவர்கள் வீடும்: இளையோர் நாவல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதின்மூன்று வயதில் நான் படித்த முதல் பெரிய நாவல் நான்கு சகோதரிகளைப் பற்றியது. அன்றிலிருந்து இந்த வகைக் கதைகளை நான் விடவே இல்லை. இப்போது அக்கா மகளோடு உட்கார்ந்து பலவற்றை மறுபடியும் படிக்கிறேன். அவளும் அவள் தோழிகளும் அவர்களுடைய அம்மாக்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில புத்தகங்களின் முக்கியமான இடங்களைச் சொல்லாமல் பதில் எழுத முடியவில்லை. கதை முன்னாலேயே தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிப் போங்கள்.

இளையோர் நாவல் என்றால் என்ன? சிறுவர் கதையிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

பொதுவாக 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதப்படும் நாவல்கள் இவை. கதாநாயகிக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும். ஆனால் வயதை மட்டும் வைத்துப் பிரித்தால் சரியாக வராது. முப்பது வயதில் ஒருத்தி தன் பள்ளிக்காலத்தை நினைத்துப் பார்க்கிற நாவலிலும் பதினைந்து வயதுப் பெண் வருவாள், ஆனால் அது வேறு வகை. அங்கே கதை சொல்பவளுக்கு எல்லாம் எப்படி முடிந்தது என்று தெரியும். இளையோர் நாவலில் அவளுக்கு அடுத்த வாரம் என்ன நடக்கும் என்றுகூடத் தெரியாது. காயம் இன்னும் ஆறவில்லை, அறிவுரை சொல்லும் அளவுக்கு அவள் தள்ளி நிற்கவில்லை. இவற்றில் பல, 'நான்' என்று அவளே சொல்வதாக எழுதப்படுவதற்கும் அதுதான் காரணம்.

சிறுவர் கதையில் பெரும்பாலும் பிரச்சினை வெளியே இருக்கும். தீர்ந்ததும் பிள்ளை பழையபடி வீட்டுக்குத் திரும்பிவிடும். இங்கே வீடு அப்படியே இருக்கும், ஆனால் திரும்பி வருகிறவள் வேறு ஆளாகியிருப்பாள். அந்த வீட்டில் அவள் எங்கே உட்காருவது என்பதே கேள்வியாகிவிடும்.

இந்த வகை எப்போது தொடங்கியது?

எனக்குத் தொடக்கம் 1868. லூயிசா மே ஆல்காட்டிடம் அவருடைய பதிப்பாளர் பெண்பிள்ளைகளுக்காக ஒரு புத்தகம் கேட்டார். அவருக்கு அதில் பெரிய ஆசை இல்லை. தெரிந்த பெண்கள் என்றால் தன் சகோதரிகள்தான், அவர்களையே எழுதினார். அப்படி வந்ததுதான் 'லிட்டில் விமன்'. முதல் பாகத்துக்குப் படம் வரைந்ததும் அவருடைய தங்கை மே. ஒரு குடும்பம் சேர்ந்து தயாரித்த புத்தகம் என்றே சொல்லலாம்.

1908-ல் எல். எம். மாண்ட்கோமெரியின் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' வந்தது. அப்போதெல்லாம் 'இளையோர் நாவல்' என்று தனி அலமாரி கிடையாது. 1942-ல் வந்த மவ்ரீன் டேலியின் 'செவன்டீன்த் சம்மர்' என்ற நாவலை அந்த அலமாரியின் முதல் புத்தகமாகப் பலர் சொல்கிறார்கள். பதினேழு வயதுப் பெண்ணின் ஒரு கோடைக்காலம், அவள் வாயாலேயே. 1967-ல் எஸ். இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' வந்தபோது இந்தத் துறையே திரும்பிப் பார்த்தது. அது பையன்களின் கதை, ஆனால் எழுதியவர் ஒரு பள்ளிப்பெண். எழுதத் தொடங்கியபோது அவருக்கு 15 வயது. 1970-ல் ஜூடி புளூம், பன்னிரண்டு வயதை எட்டப்போகும் மார்கரெட் என்ற பெண்ணை எழுதினார். அவள் கடவுளிடம் தனியாகப் பேசுகிறாள், மாதவிடாய் எப்போது வரும் என்று கவலைப்படுகிறாள். அந்தப் புத்தகத்தைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி எத்தனையோ முறை சண்டை நடந்திருக்கிறது. பெண்பிள்ளைகள் எடுத்துப் படித்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

இவற்றில் குடும்பம் ஏன் இவ்வளவு பெரிய இடம் பிடிக்கிறது? தோழிகள், பள்ளி, காதல் எல்லாம் இருக்கிறதே?

இருக்கின்றன. ஆனால் தோழியை மாற்றிக்கொள்ளலாம், பள்ளியை மாற்றலாம், காதலனை மறந்துவிடலாம். அம்மாவையும் அக்காவையும் மாற்ற முடியாது. சண்டை போட்டாலும் ராத்திரி அதே அறையில்தான் தூங்க வேண்டும். கதை எழுதுகிறவருக்கு இதைவிட இறுக்கமான களம் வேறெங்கே கிடைக்கும்?

இன்னொன்றும் உண்டு. ஒரு பெண் யார் என்பதை முதலில் முடிவு செய்துவிடுகிற இடம் வீடு. 'இவள் கெட்டிக்காரி', 'அவள் பொறுப்பானவள்', 'இவளுக்குக் கோபம் அதிகம்.' ஐந்து வயதில் ஒட்டிய பெயர் பதினைந்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெயரைக் கழற்றிவைக்க அவள் படும் பாடுதான் பல நாவல்களின் கதை. வெளியே எவ்வளவு மாறினாலும், வீட்டில் உள்ளவர்கள் அவளைப் புதிதாகப் பார்க்கும்வரை அவளுக்கு அது மாற்றமாகவே படாது.

எல்லா நாவலிலும் அம்மாவும் மகளும் சண்டை போடுகிறார்களே, ஏன்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். என்னைப் பொறுத்தவரை இந்த வகை நாவல்களின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

சண்டை வெளியில் தெரிவது. உள்ளே நடப்பது வேறு. தன் அம்மாவும் ஒரு பெண், தனக்கு முன்பே அவளுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது, அவளுக்கும் கிடைக்காமல் போனது என்று ஏதோ இருக்கிறது என்பதை மகள் முதல் தடவையாகப் பார்க்கிறாள். அந்த ஒரு கணத்துக்காகவே மொத்த நாவலும் நடந்து வந்திருக்கும். நல்ல நாவலா இல்லையா என்று நான் பார்ப்பதும் அந்தக் கணம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை வைத்துத்தான்.

'லிட்டில் விமன்' கதையில் ஒரு இடம். நான்கு சகோதரிகளில் இரண்டாமவள் ஜோவுக்குத் தாங்க முடியாத கோபம். தங்கை செய்த காரியத்தை மன்னிக்க மறுக்கிறாள். மறுநாள் அந்தத் தங்கை உறைந்த ஆற்றில் பனி உடைந்து விழுந்து, உயிர் பிழைத்து வருகிறாள். இரவு ஜோ அம்மாவிடம் அழுகிறாள்: என் கோபம் யாரையாவது கொன்றுவிடும் போலிருக்கிறதே. எப்போதும் அமைதியாக இருக்கும் அந்த அம்மா அப்போதுதான் சொல்கிறாள், எனக்கும் உன்னைப் போலவே கோபம் உண்டு, நாற்பது வருடமாக அதை அடக்கப் பார்க்கிறேன், ஏறக்குறைய தினமும் எனக்குக் கோபம் வருகிறது என்று. சின்ன வயதில் படித்தபோது அந்த இடத்தை நான் வேகமாகத் தாண்டிவிட்டேன். பனி உடைந்த இடம்தான் பிடித்திருந்தது. முப்பது வயதுக்கு மேல் மறுபடி படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தினமுமா? ஜோவுக்கு மட்டும் அல்ல, அத்தனை பக்கம் கூடவே வந்த எனக்கும் அது தெரியாமல்தானே போயிருந்தது!

தமிழில் இதற்கு நேர் எதிரான ஒரு கதை இருக்கிறது. அம்பை எழுதிய 'அம்மா ஒரு கொலை செய்தாள்'. நாவல் அல்ல, சிறுகதை. பூப்பெய்திய பெண் ஊருக்குப் போயிருக்கும் அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள். அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறாள். வந்த அம்மா சொல்லும் ஓரிரு சொற்கள் அவளுக்குள் எதையோ சாகடித்துவிடுகின்றன. அந்த அம்மா கெட்டவள் இல்லை என்பதுதான் கதையின் கனம். அக்கா மகளுக்கு இன்னும் இதைக் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் கொடுப்பேன்.

சகோதரிகள் பற்றிய கதைகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

எதை எடுத்துக்கொள்கிறார்கள், எதை அழிக்கிறார்கள் என்று பாருங்கள். அன்பைவிடப் பொருட்கள் அதிகம் பேசும்.

ஜோவின் தங்கை ஏமி செய்த காரியம் இது: தன்னை நாடகத்துக்குக் கூட்டிப்போகவில்லை என்ற கோபத்தில், ஜோ பல வருடமாக எழுதிச் சேர்த்த கதைகளின் கையெழுத்துப் பிரதியை நெருப்பில் போட்டுவிட்டாள். வேறு பிரதி இல்லை. தங்கை தெரிந்தேதான் செய்கிறாள். அக்காவுக்கு எங்கே வலிக்கும் என்று தங்கையைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

கேத்தரின் பேட்டர்சனின் 'ஜேக்கப் ஹேவ் ஐ லவ்ட்' (1980) இன்னும் கூர்மையானது. ஒரு தீவில் வளரும் இரட்டைச் சகோதரிகள். பிறந்தபோது சாகக் கிடந்த இளையவளைக் காப்பாற்ற எல்லோரும் ஓடினார்கள், நலமாகப் பிறந்த மூத்தவளை ஒரு கூடையில் வைத்தார்கள். குடும்பத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அந்தக் கதையில் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே என்று மூத்தவள் லூயிஸ் வளர வளரக் குமைகிறாள். தங்கையின் குரல் அழகு, முகம் அழகு, எல்லாமே அவளுக்கு. கடைசியில் வீட்டை விட்டுப் போகும் முடிவை எடுத்ததும், நீ இல்லாமல் எங்களுக்கு ஏக்கமாக இருக்கும் என்கிறாள் அம்மா. தங்கைக்காக ஏங்குகிற அளவுக்கா என்று லூயிஸ் கேட்கிறாள். அதிகமாக என்று பதில் வருகிறது. இருநூறு பக்கம் காத்திருந்த பதில், ஒரே சொல்லில். கேட்டபிறகுதான் அவளால் அந்தத் தீவை விட்டுக் கிளம்ப முடிகிறது.

எனக்கு ஒரு அக்கா. இந்த நாவலை நாங்கள் இருவரும் தனித்தனியாகப் படித்தோம். லூயிஸ் தான்தான் என்று இருவருமே நினைத்திருக்கிறோம்.

அப்பாக்கள்?

குறைவாகத்தான் வருகிறார்கள். போரில் இருப்பார், இறந்திருப்பார், அல்லது செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பார். ஆனால் பேசாத ஆணின் அன்பை எழுதுவதில் இந்த நாவல்கள் சில இடங்களில் உச்சம் தொட்டிருக்கின்றன. 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' கதையில் ஆன் ஷர்லி என்ற அநாதைப் பெண்ணை வளர்க்கும் மாத்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களைக் கண்டாலே கூச்சப்படும் வயதான மனிதர். மற்ற பெண்களின் உடைக்கும் ஆனின் உடைக்கும் ஏதோ வித்தியாசம் என்று யோசித்து யோசித்துக் கண்டுபிடிக்கிறார். அவளுக்குப் புஃப் கை வைத்த உடை வேண்டும். கடைக்குப் போனால் அங்கே விற்பனைக்கு ஒரு பெண் நிற்கிறாள். வாய் வராமல், தோட்டத்துக்கு ஒரு வாரியும் இருபது பவுண்டு பழுப்புச் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். பிறகு பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லித்தான் உடை தைக்கிறார்கள். 'அவளை நேசித்தார்' என்று எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

காதல் இல்லாத இளையோர் நாவல் கிடைக்குமா?

கிடைக்கும். நான் மேலே சொன்னவற்றில் பலவற்றில் காதல் ஓரமாகத்தான் நிற்கிறது. 'லிட்டில் விமன்' முதல் பாகம் வந்ததும் வாசகிகள் ஆல்காட்டுக்குக் கடிதம் எழுதி, ஜோவுக்கும் பக்கத்து வீட்டுப் பையன் லாரிக்கும் கல்யாணம் செய்துவைக்கச் சொன்னார்கள். யாருக்காகவும் அப்படிச் செய்ய மாட்டேன் என்று அவர் உறுதியாக இருந்தார். 1869-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அவர்கள் சேரவில்லை. அந்தக் கோபம் வாசகிகளுக்கு இன்னும் ஆறவில்லை.

கடுமையான விஷயங்கள் வரும் நாவலை என் மகள் படிக்கலாமா?

மரணம், வன்முறை, பாலியல் தாக்குதல், மன அழுத்தம் என்று இந்த நாவல்களில் எல்லாமே வரும். பயப்படும் பெற்றோரின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் விஷயம் என்ன என்பதைவிட அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே சரி.

லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' (1999) நாவலில் மெலின்டா என்ற பெண் ஒரு விருந்தில் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். அதை யாரிடமும் சொல்ல முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையே நிறுத்திவிடுகிறாள். புத்தகத்தின் பெரும்பகுதி அந்தச் சம்பவம் அல்ல, அதற்குப் பிறகான ஒரு பள்ளி ஆண்டு. அந்த வீட்டில் அப்பா, அம்மா, மகள் மூவரும் சமையலறை மேடையில் துண்டுச்சீட்டு எழுதிவைத்துத்தான் பேசிக்கொள்கிறார்கள். பெற்றோர் இருவரும் வேலையில் மூழ்கியவர்கள், கொடுமைக்காரர்கள் இல்லை. மகள் பேசவில்லை என்பது அவர்களுக்குத் தெரிவதற்கே நாளாகிறது. இதை மகள் படிக்கலாமா என்று கேட்கும் அம்மாக்களிடம், முதலில் நீங்கள் படியுங்கள் என்றுதான் சொல்வேன். மறைத்துவைப்பதற்கு முன் ஒரு தடவை.

என் அளவுகோல் எளிது. வேதனையைக் காட்சிப்பொருளாக்கி, பக்கத்துக்குப் பக்கம் அதிர்ச்சி கொடுக்கும் புத்தகத்தை எந்த வயதுக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வேதனைக்குப் பிறகு ஒருத்தி எப்படி எழுந்து பல் தேய்க்கிறாள், எப்படிப் பள்ளிக்குப் போகிறாள் என்று காட்டும் புத்தகம் துணையாக இருக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இதே போன்ற ஒன்றை நேரில் அனுபவித்த பிள்ளைக்கு, அவளைக் கேட்காமல் அந்தப் புத்தகத்தைக் கையில் திணிக்கக் கூடாது. என்ன வருகிறது என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, எப்போது படிப்பது, படிக்கலாமா வேண்டாமா என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள்.

மகள் படிக்கும் புத்தகத்தை வைத்து அவளிடம் பேசலாமா?

பேசலாம், ஆனால் 'இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியோடு புத்தகம் பாடப்புத்தகமாகிவிடும். 'அந்த அம்மா செய்தது சரியா?' என்று கேட்டுப் பாருங்கள். அவள் அந்த அம்மாவைத் திட்டுவாள். திட்டட்டும். உங்களிடம் நேராகச் சொல்ல முடியாத சிலவற்றை அப்போது சொல்லிக்கொண்டிருப்பாள். நடுவில் புகுந்து உங்களை நியாயப்படுத்தாமல் கேட்க முடிந்தால், அப்புறம் அவளே வந்து பேசுவாள்.

கவிதை வடிவில் எழுதிய நாவல்கள் என்கிறார்களே, அவை கடினமா?

இல்லை, வேகமாக ஓடும். வரிகள் சின்னவை, பக்கத்தில் வெள்ளையிடம் அதிகம். தடிமனான புத்தகத்தைக் கண்டு மிரளும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பதே இவற்றைத்தான்.

எலிசபெத் அசெவேடோவின் 'தி பொயட் எக்ஸ்' (2018) இதற்கு நல்ல உதாரணம். கதை நடப்பது நியூயார்க்கின் ஹார்லெமில். சியோமாரா என்ற பதினைந்து வயதுப் பெண், இரட்டைச் சகோதரன் பரிசாகக் கொடுத்த நோட்டில் ரகசியமாகக் கவிதை எழுதுகிறாள். அம்மா கடும் பக்தி உள்ளவள். நோட்டு ஒருநாள் அம்மா கையில் சிக்குகிறது. அதை மகள் கண்முன்னாலேயே எரிக்கிறாள். ஜோவின் கையெழுத்துப் பிரதி எரிந்து 150 வருடம் கழித்து, மறுபடியும் ஒரு பெண்ணின் எழுத்து அவள் வீட்டிலேயே எரிகிறது. இந்த இரண்டு நெருப்பையும் அடுத்தடுத்து படித்த வாரம் எனக்கு மறக்காது. எரித்தவர்கள் இருவரும் அவள்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அந்த அம்மாவும் ஒருகாலத்தில் கன்னியாஸ்திரியாக விரும்பி, முடியாமல் போனவள் என்பதை நாவல் நமக்குச் சொல்லியிருக்கிறது. அதனால் அவளை வெறுக்கவும் முடியவில்லை.

பையன்கள் படிக்கலாமா?

தாராளமாக. பெண்பிள்ளைகள் எத்தனை பையன்களின் கதையைப் படித்து வளர்கிறார்கள்! யாரும் 'படிக்கலாமா' என்று கேட்பதில்லை.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். பதின்மூன்றில் ஜோவோடு படித்தவள் பதினேழில் மூத்த அக்கா மெக்கின் பக்கம் சாய்வாள், பிறகு ஒருநாள் அம்மாவின் பக்கம் வருவாள்.

இந்த நாவல்கள் ஏன் முழுச் சந்தோஷமாக முடிவதில்லை?

வீட்டில் உள்ளவர்கள் முழுவதும் மாறிவிட்டால் நமக்கே நம்பிக்கை வராது. அம்மா அம்மாவாகத்தான் இருப்பாள், அக்காவின் வாய் அப்படியேதான் இருக்கும். ஒரு சின்ன அசைவு மட்டும் நடந்திருக்கும். அம்மா இப்போது கதவைத் தட்டிவிட்டு அறைக்குள் வருவாள், அவ்வளவுதான். ஆன் கதையின் முடிவில் மாத்யூ இறந்துவிடுகிறார். அவரோடு சேர்ந்து ஆனை வளர்த்த அவருடைய சகோதரி மரில்லாவுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. மேல்படிப்புக்குக் கிடைத்த உதவித்தொகையை விட்டுவிட்டு ஆன் வீட்டில் தங்குகிறாள். இந்த முடிவோடு எனக்கு இன்னும் சண்டை உண்டு. பெண் என்றால் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொல்கிறதோ என்று தோன்றும். ஆனால் யாரும் அவளைக் கேட்கவில்லை, மரில்லா வேண்டாம் என்றே சொல்கிறாள். பதினொன்றில் வேண்டாத பிள்ளையாக வந்து நின்றவள், பதினாறில் இது என் வீடு என்று தானே முடிவு செய்கிறாள். அக்கா மகளுக்கு அந்த முடிவு பிடிக்கவே இல்லை. நாங்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

எதிலிருந்து தொடங்கலாம்?

வாசிப்புப் பழக்கம் இருந்தால் ஆனோடு தொடங்குங்கள், பேச்சு கலகலவென்று போகும். பழக்கம் குறைவு என்றால் கவிதை நாவல். சகோதரியோடு சண்டையில் இருப்பவளுக்கு லூயிஸ். பிடிக்கவில்லை என்றால் ஐம்பது பக்கத்தில் விட்டுவிடலாம், குற்றம் ஒன்றும் இல்லை.

நானே இப்படி ஒரு கதை எழுத ஆசைப்படுகிறேன். எப்படி ஆரம்பிப்பது?

வயதை மறந்து எழுதாதீர்கள். பதினைந்து வயதுப் பெண் 'வாழ்க்கை என்றால் இதுதான்' என்று முடிவு சொல்ல மாட்டாள், சொன்னாலும் மறுநாள் மாற்றிச் சொல்வாள். அம்மா பாத்திரத்துக்கு மகளுக்குத் தெரியாத ஒரு விஷயமாவது வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதைக் கதையில் சொல்லாமல் விட்டாலும் பரவாயில்லை, உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த அம்மா தானாக நிமிர்ந்துவிடுவாள். அப்புறம், உணர்ச்சியின் பெயரை எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

அக்கா மகள் எழுதிய முதல் கதையில் 'அம்மா கோபமாக இருந்தாள்' என்று ஒரு வரி இருந்தது. உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே தெரிஞ்சிடும் சித்தி" என்றாள். அதை எழுது என்றேன். அடுத்த வாரம் கொண்டுவந்த பக்கத்தில் கோபம் என்ற சொல்லே இல்லை. மகள் அறையில் உட்கார்ந்திருக்கிறாள், சமையலறையில் தட்டு மூடி இரண்டு தடவை விழுகிறது. இரண்டாவது தடவை விழுந்ததும் அவள் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல் படுத்துக்கொள்கிறாள்.